‘மரத்துப்போச்சு’ என்ற ஒரு சொல்லும் எட்டு மாத அச்சமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான, கை கால் மதமதப்பைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அதில் பிழையான செய்தி எதுவும் இல்லை. நீரிழிவு, பி12 குறைபாடு, தைராய்டு, தண்டுவட அழுத்தம், பக்கவாதம் என்று வரிசையாகச் சொல்லப்பட்டவை அனைத்தும் மதமதப்புக்குக் காரணமாகக் கூடியவைதாம். ஆயினும் அதைப் படித்து முடித்தபோது, அதே போன்ற ஒரு பட்டியலை நள்ளிரவில் கைப்பேசியில் படித்துவிட்டு எட்டு மாதங்கள் நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. அத்தகைய பட்டியல்களில் இருக்க வேண்டியதும், பெரும்பாலும் இல்லாமல் போவதுமான ஒரு பகுதியைப் பற்றி எழுதவே இக்கடிதம். வாசகர் கடிதத்துக்குரிய அளவை இது மீறும் என்று அறிவேன்; பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து 1994இல் மும்பைக்கு வந்தவன். செம்பூரில் குடியிருக்கிறேன், ஃபோர்ட் பகுதியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. வயது 53. 2024 தீபாவளிக்குச் சில நாட்கள் முன்பு, அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசையில் அமர்ந்திருந்த நண்பருக்குப் பக்கவாதம் வந்தது. என்னைவிட நான்கு வயது இளையவர். காலையில் எழுந்ததுமே கை மரத்திருப்பதாக அவர் வீட்டில் சொன்னாராம். அவர் பிழைத்து, தேறி, இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறார். ஆனால் ‘கை மரத்திருந்ததாம்’ என்ற அந்தச் சொற்கள் மட்டும் அவருடைய மேசையிலிருந்து என்னிடம் குடிபெயர்ந்துவிட்டன.

மூன்றாம் நாள் ஹார்பர் லைன் மின்சார ரயிலில் எனக்கு ‘ஃபோர்த் சீட்’ கிடைத்தது. மும்பைக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும்: மூவர் அமரக்கூடிய இருக்கையில் நான்காவதாக ஒருவர் பாதித் தொடையை மட்டும் பதித்து, மீதி உடலை நடைபாதையில் தொங்கவிட்டுக்கொண்டு உட்காரும் உரிமைக்கு இந்நகரில் அப்பெயர். பன்வேலிலிருந்து நிரம்பி வரும் வண்டியில் செம்பூரில் ஏறுகிறவனுக்கு அதுவே பெரும் பேறு. குர்லா தாண்டி, வடாலா தாண்டி, கடைசி நிலையமான சி.எஸ்.எம்.டி. வந்து எழுந்தபோது இடது கால் என்னுடையதாக இல்லை. முப்பது ஆண்டுகளில் எத்தனையோ முறை இப்படி ஆகியிருக்கிறது. நடைமேடையில் காலை இரண்டு உதறு உதறிவிட்டு நடந்திருக்கிறேன். அன்று உதறவில்லை. நின்று கவனித்தேன். என் தொல்லை தொடங்கியது காலில் அல்ல; அந்தக் கவனிப்பில்.

அன்றிரவு கைப்பேசியில் தேடினேன். காலில் மதமதப்பு என்று தேடத் தொடங்கியவன் அரை மணி நேரத்தில் நரம்பு உறைகள் சிதையும் நோய்களிலும் மூளைக் கட்டியிலும் போய் நின்றேன். மறுநாள் இடது கையின் சுண்டுவிரலிலும் அதையொட்டிய விரலின் பாதியிலும் சுருக்கென்று குத்தியது. கால் போதாதென்று கையும் சேர்ந்துகொண்டதாக நடுங்கினேன். அதன் காரணத்தைப் பிற்பாடு அறிந்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சுண்டுவிரலுக்குச் செல்லும் அல்நார் நரம்பு முழங்கையின் உட்புறத்தில் தோலுக்கு வெகு அருகில் ஓடுகிறது. எங்காவது இடித்துக்கொண்டால் மின்சாரம் தாக்கியதுபோல் சுரீரென்கிறதே, அந்த இடம். கட்டிலில் படுத்துக்கொண்டு, முழங்கையை மடக்கி, கைப்பேசியை முகத்துக்கு நேரே மணிக்கணக்கில் பிடித்திருந்தால் அந்த நரம்பு இழுபட்டு அழுந்தும். அதாவது, என் விரல் ஏன் குறுகுறுக்கிறது என்று நான் தேடிய தேடலே என் விரலைக் குறுகுறுக்க வைத்திருந்தது.

அடுத்து வந்த மாதங்களை விரிவாகச் சொல்ல வெட்கமாக இருந்தாலும், இதே நிலையில் இருக்கும் ஒருவர் தம்மை அடையாளம் காண உதவும் என்பதால் சொல்கிறேன். எங்கள் வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே ஏழடி நீளத்தில் ஒரு நடை உண்டு. அதில் தினமும் குதிகாலால் ஒருமுறையும் நுனிக்காலால் ஒருமுறையும் நடந்து பார்ப்பேன். இரண்டு உள்ளங்கைகளையும் மாறி மாறிக் கிள்ளி, வலி ஒரே அளவில் தெரிகிறதா என்று ஒப்பிடுவேன். கண்ணாடி முன் நின்று சிரித்துப் பார்ப்பேன். அதில் நிறைவு வராமல் மனைவியைக் கூப்பிட்டு, வாய் ஒருபக்கமாகக் கோணுகிறதா என்று கேட்பேன். ‘ஒண்ணும் இல்லீங்க, வழக்கமா எப்படிக் கோணுமோ அப்படித்தான் கோணுது’ என்பாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்ற பழமொழியை அவள் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமல் அடக்கிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். கல்லூரியில் படிக்கும் மகள்தான் ஒருநாள், ‘அப்பா, நேத்தும் இதே கேள்வியை இதே நேரத்துல கேட்டீங்க, நேத்து அம்மா சொன்ன பதில் எத்தனை மணி வரைக்கும் தாங்கிச்சு?’ என்று கேட்டாள். இரவு உணவு வரைக்கும் என்பதே உண்மையான பதில். அதை நான் சொல்லவில்லை.

மருத்துவர்களிடம் போகாமல் இல்லை. குடும்ப மருத்துவர் இரத்தப் பரிசோதனை எழுதினார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 5.4 விழுக்காடு, அதாவது இயல்பு; தைராய்டு, பி12 இரண்டும் இயல்பு. ‘ஒன்றுமில்லை, டென்ஷன்’ என்றார். ஒன்றுமில்லை என்றால் இந்தக் குறுகுறுப்பு எங்கிருந்து வருகிறது என்ற என் கேள்விக்கு அவரிடம் நேரம் இல்லை. வேறொரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே நரம்பில் சிறு மின்தூண்டல் கொடுத்து அது செல்லும் வேகத்தை அளக்கும் என்.சி.வி. சோதனையும், இடுப்புப் பகுதிக்கு எம்.ஆர்.ஐ. படமும் எடுத்தார்கள். நரம்பின் வேகம் சரியாக இருந்தது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் மட்டும், இடுப்புப் பகுதி முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஒரு வட்டு (டிஸ்க்) சற்றே பிதுங்கியிருப்பதாக ஒரு வரி. அந்த ஒரு வரி என் இரண்டு மாத உறக்கத்தைத் தின்றது. முதுகுவலியே இல்லாதவர்களின் முதுகெலும்புப் படங்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, இத்தகைய வட்டுப் பிதுக்கம் 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும், 50 வயதினரில் 60 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் இருப்பதாகக் கணக்கிட்டது. அதாவது என் வயதில் அது இல்லாதவர்கள்தாம் சிறுபான்மையினர். தலைநரையைப் போன்ற ஒன்றை அறிக்கையில் நோயின் பெயர்போல் படித்துவிட்டு நான் குனியவும் நிமிரவும் அஞ்சிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் 2025 ஜனவரியில் புணேயில் கியான் பாரே நோய்க்குறி பரவிய செய்தி வந்தது. சந்தேகத்துக்குரியவர்களையும் சேர்த்து இருநூறுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், சிலர் இறந்தனர், அசுத்தமான குடிநீரின் மீது ஐயம் எழுந்தது. உடலின் எதிர்ப்பாற்றல் தன் நரம்புகளையே தாக்கும் அந்த நோயில், பாதங்களில் தொடங்கும் மதமதப்பும் பலவீனமும் சில நாட்களுக்குள் மேல்நோக்கி ஏறும். அது மெய்யான ஆபத்து. அதைப் பற்றி எழுதியது பத்திரிகைகளின் கடமை. ஆனால் எங்கள் குடியிருப்பின் தமிழர் வாட்ஸாப் குழுவில் அந்நாட்களில் பகிரப்பட்டவற்றில் ‘பாதத்தில் மதமதப்பு’ என்ற முதல் அறிகுறி மட்டும் தடித்த எழுத்தில் இருந்ததே தவிர, அந்நோயின் அடையாளம் மதமதப்பைவிட நாளுக்கு நாள் ஏறும் பலவீனம் என்பதும், மாடிப்படி ஏற முடியாமல் போவதும், மூன்று மாதமாக அப்படியே நிற்கும் குறுகுறுப்பு அந்நோயாக இருக்க இயலாது என்பதும் இருக்கவில்லை. எனக்கு அப்போது குறுகுறுப்புத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த ஒரு வாக்கியத்தை யாராவது எழுதியிருந்தால் அன்றிரவு நான் உறங்கியிருப்பேன்.

என் நிலை மாறத் தொடங்கியது ஒரு மாநகராட்சி மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவில். காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்று கேஸ் பேப்பர் எடுத்து, பன்னிரண்டு மணிக்கு உள்ளே போனேன். மராத்தி பேசும் மூத்த பெண் மருத்துவர். என் தடித்த கோப்பை அவர் திறக்கவில்லை. என்ன தொல்லை என்று கேட்டார். எல்லா மருத்துவர்களிடமும் சொன்னதையே என் ஹிந்தியில் சொன்னேன்: கால் ‘சுன்’ ஆகிவிடுகிறது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ‘சுன் என்றால் தொட்டால் தெரியவில்லையா? அல்லது முங்க்யா வருகிறதா?’ என்று கேட்டார். மராத்தியில் முங்க்யா என்றால் எறும்புகள். எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுப்பதை அவர்கள் ‘எறும்புகள் வருகின்றன’ என்பார்கள். முங்க்யாதான் என்றேன். தொட்டால் தெரிகிறது, கிள்ளினால் வலிக்கிறது, ஆனால் எறும்பு ஊர்கிறது. ‘அப்படியானால் நீங்கள் இத்தனை நாள் வேறொருவருடைய நோயைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்’ என்றார்.

ஆசிரியர் அவர்களே, இந்த இடத்தில் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். மும்பையில் வாழும் நம்மவர்க்கு இது முக்கியமானது. தமிழில் ‘மரத்துப்போச்சு’ என்ற ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு நிலைகளுக்கு வழங்குகிறோம். பல் பிடுங்குமுன் ஊசி போட்டதும் கன்னம் மரத்துப்போகிறது. அங்கே உணர்ச்சி இல்லை. நெடுநேரம் சம்மணமிட்டு எழுந்தால் கால் மரத்துப்போகிறது. அங்கே முதலில் சிறிது உணர்ச்சிக் குறைவு, உடனே ஆயிரம் ஊசிகள். மதமதப்பு, குறுகுறுப்பு, விறுவிறுப்பு, சுருக் சுருக் என்று நுட்பமான சொற்கள் தமிழில் வேண்டிய அளவு இருந்தும், மருத்துவர் முன்னால் அமர்ந்ததும் ‘மரத்துப்போச்சு’ என்பதே வாயில் வருகிறது. அதை ஹிந்தியில் பெயர்க்கும்போது ‘சுன்’ என்கிறோம். ஹிந்தியில் சுன் என்பது உணர்ச்சியற்றுப் போவது; ஊசி குத்துவதுபோன்ற குறுகுறுப்புக்கு அவர்களிடம் ‘ஜுன்ஜுனி’ என்று தனிச்சொல் உண்டு. உணர்ச்சி இல்லை என்று நோயாளி சொன்னால் பொறுப்புள்ள எந்த மருத்துவரும் சோதனை எழுதத்தான் செய்வார். என் கோப்பிலிருந்த பாதிக் காகிதங்கள் நோயினால் வந்தவை அல்ல, மொழிபெயர்ப்பினால் வந்தவை என்று அன்று எனக்குத் தோன்றியது. இதில் மருத்துவர்களை மட்டும் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

அவர் சோதித்த முறையும் எளியது. கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார். குண்டூசி முனையால் தொட்டார். இசைக்கவையை அதிரவிட்டுக் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு எப்போது நிற்கிறது என்று சொல்லச் சொன்னார். ரப்பர் சுத்தியலால் முழங்காலிலும் கணுக்காலிலும் தட்டினார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். பிறகு, நாற்காலியில் உட்கார்ந்தபடி வாய்வழியாக ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விடச் சொல்லித் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் கடந்ததும் என் விரல் நுனிகள் குறுகுறுத்தன. இரண்டாம் நிமிடம் உதட்டைச் சுற்றியும், பாதங்களிலும் எறும்புகள். எட்டு மாதமாக நான் அஞ்சியது அத்தனையும், இரண்டே நிமிடத்தில், ஒரு மரநாற்காலியில். நிறுத்தச் சொன்னார். சில நிமிடங்களில் எல்லாம் அடங்கியது. இதை வாசகர்கள் வீட்டில் தாமாகச் செய்து பார்க்க வேண்டாம். இதய நோயோ வலிப்போ உள்ளவர்களுக்கு அது ஏற்றதன்று.

அவர் சொன்ன விளக்கத்தை என் சொற்களில் தருகிறேன். அச்சம் வரும்போது மனிதன் தன்னை அறியாமல் தேவைக்கு மேல் மூச்சு விடுகிறான். பெருமூச்சு, கொட்டாவி, மேல்மார்பால் விடும் சிறுமூச்சு என்று அது மாறுவேடத்தில் இருப்பதால் அவனுக்கே தெரிவதில்லை. இரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது. அதனால் இரத்தத்தின் காரத்தன்மை சற்று ஏறுகிறது. ஏறியதும், இரத்தத்தில் தனித்து உலவும் கால்சியத்தில் ஒரு பகுதி புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. தனித்த கால்சியம் குறைந்தால் நரம்புகள் எளிதில் கிளர்ச்சியடைந்து, தூண்டல் இல்லாமலே குறிகை அனுப்புகின்றன. அந்தக் குறிகையே குறுகுறுப்பு. சிலருக்கு இது ஒருபக்கத்தில் மட்டுமோ இடப்பக்கத்தில் கூடுதலாகவோ தெரிவதும் உண்டு. குறுகுறுப்பைக் கண்டு அச்சம், அச்சத்தால் மூச்சு, மூச்சால் மறுபடியும் குறுகுறுப்பு. செக்குமாடு சுற்றுவதற்காவது எண்ணெய் கிடைக்கும்.

இதில் எனக்கு மருந்தாக அமைந்தது ஒன்று உண்டு. என் குறுகுறுப்பு மெய் என்று அவர் ஒப்புக்கொண்டார். ‘எல்லாம் மனப்பிரமை’ என்று நம் வீடுகளில் சொல்லப்படுவது எத்தனை கொடுமை என்பது அதைக் கேட்டவர்க்கே தெரியும். பிரமை அன்று, நரம்பு மெய்யாகவே குறிகை அனுப்புகிறது, ஆனால் நரம்புக்கு நோய் இல்லை. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை எனக்கு அதற்கு முன் யாரும் சொல்லவில்லை. ‘ஒன்றுமில்லை’ என்ற பதில் இரவு உணவு வரை தாங்கியது. ‘இதனால்தான்’ என்ற பதில் இன்றுவரை தாங்குகிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். ஃபோர்த் சீட்டில் கால் மரப்பதற்குக் காரணம், இருக்கையின் விளிம்பு தொடைக்குப் பின்னால் ஓடும் நரம்பை அழுத்துவது. காலைக் கால்மேல் போட்டு உட்கார்ந்தால், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்புறத்தில் எலும்பைச் சுற்றி வரும் இன்னொரு நரம்பு அழுந்துகிறது. அழுத்தம் நரம்புக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நெரிக்கிறது. அழுத்தம் நீங்கியதும் நரம்பு தாறுமாறாகக் குறிகை அனுப்பி, பிறகு ஒழுங்குக்கு வருகிறது. இறுக்கமான பெல்ட் அணிந்தால் வெளித்தொடை எரிவதும் இவ்வகையே. பின்பாக்கெட்டில் தடித்த பணப்பை வைத்து உட்கார்ந்தாலும் கால் மரக்கும். மும்பை லோக்கலில் யாரும் அங்கே பணப்பை வைப்பதில்லை என்பதால் அந்த ஒரு தொல்லையிலிருந்து பிக்பாக்கெட்காரர்கள் நம்மைக் காத்து வருகிறார்கள்.

என் பாட்டிக்கு இதெல்லாம் தெரிந்திருந்ததா என்று யோசிக்கிறேன். ஊரில் பந்தியிலோ பஜனையிலோ உட்கார்ந்து எழும்போது கால் மரத்துவிட்டது என்று அழுதால், எச்சிலைத் தொட்டுக் கட்டைவிரலில் பெருக்கல் குறி போடச் சொல்வாள். போட்டு முடிப்பதற்குள் சரியாகிவிடும். எச்சிலில் மருந்து ஏதும் இல்லை. தானாகவே போய்விடக்கூடிய ஒன்றுக்கு, அது போகும் வரை கைக்கு ஒரு வேலை கொடுத்தாள்.

ஆனால் இதை எழுதும் நான், எல்லா மதமதப்பும் தீங்கற்றது என்று சொல்பவனாக ஆகிவிடக் கூடாது. தாராவியில் இருந்த என் சித்தப்பாவின் கதை எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும். இருபது ஆண்டு நீரிழிவு. அவருக்குக் குறுகுறுப்பே கிடையாது. எறும்பு இல்லை, ஊசி இல்லை, அச்சமும் இல்லை. ஒருநாள் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஆணி பாதத்தில் ஏறியிருந்ததை மாலையில் சித்திதான் இரத்தக் கறையைப் பார்த்துச் சொன்னார். புண் ஆற ஏழு மாதம் ஆனது. ஒரு விரல் போனது. மெய்யாகவே உணர்ச்சி போகும்போது அது சத்தம் போட்டுக்கொண்டு போவதில்லை. அஞ்ச வேண்டிய சித்தப்பா அஞ்சவில்லை. தேவையில்லாத நான் அஞ்சினேன். நீரிழிவு உள்ளவர்கள், குறுகுறுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்பவர்களுக்கும் முட்டை, மீன், இறைச்சி எதுவும் உண்ணாதவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்புண்டு. அது சோதித்துச் சரிசெய்யக் கூடியது. தோலில் வெளிறிய தேமல் தோன்றி, அந்த இடத்தில் தொட்டால் தெரியாமல் இருந்தால், தொழுநோயா என்று பார்க்க வேண்டும்; அதற்கான கூட்டு மருந்து அரசால் விலையின்றித் தரப்படுகிறது.

உடனே ஓட வேண்டிய நிலைகளும் உண்டு. திடீரென்று ஒருபக்கக் கையும் காலும் வலுவிழந்தாலோ, முகம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ கண்ணாடி முன் நின்று சோதித்துக்கொண்டிருக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்; பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரமே கெடு. இரண்டு தொடைகளுக்கு இடையே உணர்ச்சி மங்கி, சிறுநீர் பிரியாமல் போனாலும், பலவீனம் நாளுக்கு நாள் மேலேறினாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரவில் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மதமதத்து விழிப்பு வந்து, கையை உதறினால் சரியாகிறது என்றால் பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது. அதற்கு அவசரம் இல்லை, ஆனால் காட்ட வேண்டும்.

தாமாகவே ‘நரம்புச் சத்து மாத்திரை’ வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவோருக்கு ஒரு சொல். அத்தகைய மாத்திரைகள் பலவற்றில் பி6 வைட்டமின் இருக்கும். அதை அதிக அளவில் நெடுநாள் உட்கொண்டால், அதுவே உணர்ச்சி நரம்புகளைக் கெடுத்து மதமதப்பைத் தரும். நானும் நான்கு மாதம் விழுங்கியவன்தான்.

எனக்கு என்ன சிகிச்சை என்று கேட்பீர்கள். அதே மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அந்த அம்மையார் என்னை அனுப்பினார். ‘நரம்புக்கு வந்தேன், மனநலத்துக்கு அனுப்புகிறீர்களே’ என்று முறைத்தேன். ‘பல்லுக்கு வந்தவரைச் சர்க்கரை பார்க்க அனுப்புவதில்லையா’ என்றார். அறிதிறன் நடத்தைச் சிகிச்சை என்று பெயர். மாத்திரை இல்லை, பேச்சும் பயிற்சியும்தான். கிள்ளிப் பார்ப்பதையும் குதிகாலில் நடப்பதையும் கண்ணாடியையும் ஒவ்வொன்றாக நிறுத்துவது, மனைவியிடம் கேட்காதிருப்பது, கேட்டால் அவள் பதில் சொல்லாதிருப்பது, ஒரு அறிகுறி தோன்றினால் அதற்குச் சாத்தியமான சாதாரணக் காரணங்களை முதலில் எழுதுவது. கடைசியாகச் சொன்னது எளிதாகத் தோன்றும்; எனக்கு மூளைக் கட்டியைத் தவிர எதுவும் எழுத வராத நாட்கள் இருந்தன. நோய் குறித்த இத்தகைய அச்சத்துக்கு இச்சிகிச்சை பயன் தருவதை, பிரிட்டனில் இதயம், நரம்பு முதலிய பிரிவுகளின் வெளிநோயாளிகள் 444 பேரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்களில் இச்சிகிச்சை பெற்றவர்களுக்குச் சராசரியாக ஆறு அமர்வுகளே தேவைப்பட்டன. எனக்கு ஒன்பது ஆயின. மருத்துவமனைக்குப் போகக் கூச்சப்படுவோர் முதலில் 14416 என்ற எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

இப்போது தங்களிடம் என் வேண்டுகோள். மருத்துவப் பக்கத்தில் அறிகுறிகளை அச்சிடும்போது, அவை எப்போது தீங்கற்றவை என்பதையும் அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். எந்தக் காரணம் ஊர் முழுதும் காணப்படுவது, எது அரிதானது என்ற வரிசை இல்லாத பட்டியலில், வாசகன் கடைசியில் இருப்பதைத்தான் முதலில் படிக்கிறான். மூளையில் சிவப்பு ஒளி வீசுவதுபோன்ற படத்தையும் தவிர்க்கலாம். சென்ற வாரக் கட்டுரையில் அந்தப் படம் அரைப் பக்கத்தை அடைத்தது. அதன் அடியிலேயே முழு உடல் பரிசோதனைத் தொகுப்புக்குச் சலுகை விலை விளம்பரம் இருந்ததைத் தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மேலே அச்சத்தையும் கீழே அதற்கான கட்டணத்தையும் ஒரே பக்கத்தில் காண நேர்ந்த என்போன்றவனுக்கு அது தற்செயலாகப் படாது.

அலுவலகத்தில் இந்த எட்டு மாதக் கதை யாருக்கும் தெரியாது. எனக்கு அடுத்த மேசை நண்பருக்கு மட்டும் தெரியவே கூடாது. ஆகவே என் பெயரை வெளியிட வேண்டாம். இடம் போதாமல் கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், என் கதையைத் தாராளமாக வெட்டிவிடுங்கள். தொட்டால் தெரியாமல் இருப்பதற்கு ‘சுன்’, ஊசி குத்துவதுபோல் இருந்தால் ஹிந்தியில் ‘ஜுன்ஜுனி’, மராத்தியில் ‘முங்க்யா’ என்ற அந்த மூன்று சொற்களையும் அவற்றின் பொருளையும் மட்டுமாவது, மும்பைப் பதிப்பில் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
செம்பூர், மும்பை.